பறங்கிப்பட்டை பிறந்த கதை

திருமுக்கூடல் கல்வெட்டில் பறங்கிப்பட்டை இல்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், உத்திரமேரூருக்கு வடக்கே, பழைய சீவரத்தின் எதிர்க்கரையில் நிற்கிறது அந்தக் கல்வெட்டு உள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில். வீரராசேந்திர சோழன் காலத்தில், பொ.ஆ. 1069 வாக்கில், அந்தக் கோயிலைச் சார்ந்து ‘வீரசோழன்’ என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, நடந்தது. 15 படுக்கை, ஒரு வைத்தியர், சல்லியம் செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளியைக் கவனிக்கப் பெண்கள் இருவர் என்று எல்லாவற்றுக்கும் நிவந்தம் எழுதி வைத்திருக்கிறார்கள். வைத்தியரின் பெயர்கூட உண்டு: கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். ஆண்டு முழுவதும் இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகள் என்று சுமார் இருபது பெயர்களையும் அந்தச் சுவர் சொல்கிறது. கடுக்காயில் மட்டுமே நான்கு: ஆடாதோடை சேர்ந்தது, கோமூத்திரம் சேர்ந்தது, தசமூலம் சேர்ந்தது, சேங்கொட்டை சேர்ந்தது. பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த தைலம் இருக்கிறது. வருடக்கணக்கில் வைத்துப் பழசாக்கிய நெய் இருக்கிறது.

இன்றைக்கு உத்திரமேரூர் கடைத்தெருவில் எந்த நாட்டு மருந்துக் கடைக்குப் போனாலும் அந்தப் பட்டியலின் சரக்குகளில் பாதியையாவது வாங்கிவிடலாம். கடுக்காய் மூட்டையாகவே இருக்கும். அதே கடையில், அதே தட்டில், சோழர் காலத்து வைத்தியருக்குத் தெரியவே தெரியாத இன்னொரு சரக்கும் இருக்கும். மேலே செம்பழுப்பு, உள்ளே வெளிறிய சிவப்பு, கல்லைப்போல் கனம். பெயரில் பட்டை இருந்தாலும் அது பட்டை இல்லை, கிழங்கு.

“ஏம்பா, பறங்கிப்பட்டை இருக்குதா? பூச்சி அடிச்சது வாணாம்.”

“இருக்குது ஆயா. முழுசா வேணுமா, இடிச்சதா?”

“முழுசாவே குடு. நான் பால்ல அவிச்சிக்கறேன்.”

இப்படிக் கேட்டு வாங்குகிற மூதாட்டிக்கு அது சித்தர் மருந்து. அவருடைய அம்மாவுக்கும் அப்படித்தான். ஆனால் அந்தக் கிழங்கு பிறந்த இடம் தென்சீனம். சீன மூலிகை மருத்துவம் என்றால் எங்கோ தொலைவில், புரியாத எழுத்து ஒட்டிய டப்பாக்களில் இருப்பது என்று நினைக்கிறோம். அதன் முக்கியமான சரக்கு ஒன்று நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் வீட்டு அடுப்பில் வெந்துகொண்டிருக்கிறது.

சீனத்தில் அது முதலில் மருந்தாகப் பெயர் வாங்கவில்லை. தெற்கு மலைகளில் தானாகப் படரும் கொடியின் கிழங்கு அது. மாவுச்சத்து நிறைந்தது. பஞ்ச காலத்தில் தானியம் தீர்ந்தபோது மலைவாழ் மக்கள் தோண்டித் தின்றார்கள். பழங்கால அரசர் யூ விட்டுப்போன தானியம் என்றே அதற்கு ஒரு பெயர் வழங்கியது. மருந்து நூல்கள் அதைச் சும்மா தொட்டுவிட்டு நகர்ந்தன.

நிலைமையை மாற்றியது ஒரு நோய். 1490களில் ஐரோப்பாவில் வெடித்த சிபிலிஸ், கப்பல்களில் ஏறி உலகைச் சுற்றியது. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் இறங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் நோய் இந்தியக் கடற்கரையில் பரவியது. 1500களின் தொடக்கத்தில் அது கான்டன் துறைமுகத்தையும் தொட்டுவிட்டது. போன இடமெல்லாம் அதற்கு அயலாரின் பெயரையே வைத்தார்கள். இங்கே அது பறங்கிப்புண். வடக்கே, 16ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் எழுதிய ‘பாவப்பிரகாசம்’ அதைப் பிரங்க ரோகம் என்று தனி நோயாகவே பதிவு செய்தது. அதற்கு முந்தைய ஆயுர்வேத நூல்களில் அந்தப் பெயர் கிடையாது.

அன்றைக்கு எல்லா நாட்டு வைத்தியர்களின் கையிலும் இருந்த ஒரே வலுவான ஆயுதம் பாதரசம். புண் ஆறியது, சரி. ஆனால் நோயாளிக்கு வாய் வெந்தது, எச்சில் ஓயாமல் ஒழுகியது, பல் ஆடி விழுந்தது, கைகால் முடங்கியது. சீனத்தின் மாபெரும் மருந்து நூலான ‘பென்சாவ் காங்மு’வை 1578இல் எழுதி முடித்த லீ ஷிஜென் இதை நேரடியாகவே சொல்கிறார்: ரச மருந்தை அளவுமீறித் தின்று முடங்கியவர்களை இந்தக் கிழங்கின் கஷாயம் தேற்றியது. மலையில் பசிக்குத் தின்ற கிழங்கு, நோய்க்கும், நோய்க்குக் கொடுத்த மருந்தின் நஞ்சுக்கும் சேர்த்து மருந்தானது இப்படித்தான். நூலில் சொன்ன 1892 சரக்குகளில் அதுவும் ஒன்றாக உட்கார்ந்தது.

அங்கிருந்து மலாக்கா, மலாக்காவிலிருந்து கோவா. போர்த்துக்கீசியர் மலாக்காவை 1511இல் பிடித்திருந்தார்கள். 1535 வாக்கில் கிழங்கு கோவாவுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு ஓராண்டு முன்னால் கோவாவில் கால் வைத்தவர் கார்சியா ட ஓர்ட்டா என்ற மருத்துவர். இந்தியச் சரக்குகளைப் பற்றி அவர் உரையாடல் வடிவில் எழுதிய நூல் 1563இல் கோவாவிலேயே அச்சானது. அதில் ஓர் உரையாடல் முழுக்க இந்தச் சீனக் கிழங்குக்கு. தாமே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துப் பாராட்டி எழுதினார்.

கிழங்கு ஐரோப்பாவுக்கும் ஓடியது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் கீல்வாதத்தால் படாதபாடு பட்டவர்; இந்தச் சீனக் கிழங்குக் கஷாயத்தை அவரும் குடித்தார். அவருடைய மருத்துவர் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ், மனித உடலின் அமைப்பைக் கூறுபோட்டுப் பார்த்து 1543இல் நூல் எழுதி உடற்கூறியலையே மாற்றியவர். மூன்று ஆண்டு கழித்து அவர் வெளியிட்ட அடுத்த நூலின் தலைப்பே, சீனக் கிழங்குக் கஷாயத்தைக் கொடுக்கும் முறையும் வகையும் என்பதுதான். அத்தனை பேர் அவரிடம் அதைக் கேட்டிருக்கிறார்கள். வெசாலியஸுக்கு அந்தக் கிழங்கின் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. அமெரிக்கத் தீவுகளிலிருந்து வந்த குவாயகம் என்ற மரமே மேல் என்று நினைத்தார். ஆனாலும் எப்படிக் காய்ச்சுவது, எப்படிக் குடிப்பது, குடித்துவிட்டுப் போர்த்திப் படுத்து எப்படி வியர்க்க வைப்பது என்று எழுதினார்.

நம் பக்கத்துக் கதையில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். ஏனென்றால் ஐரோப்பாவில் அந்தக் கிழங்கு சில தலைமுறை புகழோடு வாழ்ந்து மறைந்துவிட்டது. இங்கே தங்கிவிட்டது. யூனானி ஹக்கீம்கள் சோப்சீனி என்று எடுத்துக்கொண்டார்கள். ஆயுர்வேதத்தில் வேறு தீவிலிருந்து வந்த வசம்பு என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். தமிழ் வைத்தியர்கள் கொண்டுவந்த பறங்கியின் பெயரையே வைத்துவிட்டு, மருந்தைத் தங்கள் முறைக்கு மாற்றினார்கள். சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த வைட்லா ஐன்ஸ்லி 1826இல் வெளியிட்ட மருந்து நூலில் சீனக் கிழங்குக்குத் தமிழ்ப் பெயராகப் பறங்கிப்பட்டையைத்தான் தருகிறார். அதற்குள் அது சந்தைச் சரக்காகவே ஆகிவிட்டிருந்தது.

மாற்றினார்கள் என்று சொன்னேன். எதை மாற்றினார்கள் என்பதைப் பார்த்தால்தான் நம் வைத்தியர்களின் திறமை தெரியும். சீனர்கள் இந்தக் கிழங்கைக் குடிக்கிறார்கள். நாம் தின்கிறோம்.

சீன முறையில் எந்த மருந்துக்கும் தாய் வடிவம் கஷாயம். சமையற்காரராக இருந்து அமைச்சராக உயர்ந்த யீ யின் என்பவரே முதன்முதலில் மருந்தைச் சாறாகக் காய்ச்சியவர் என்பது அவர்கள் மரபுக் கதை. மருத்துவர் நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, பல சரக்குகளைச் சேர்த்து எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் ஒரு நாளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டுவார். அதை மண்சட்டியில் போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் ஊற வைத்து, முதலில் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பிறகு சிறு தீயில் காய்ச்சி வடிக்கிறார்கள். சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு இரண்டாம் முறை காய்ச்சி, இரண்டு சாற்றையும் கலந்து காலை பாதி, மாலை பாதி. இரும்புச் சட்டி கூடாது. பறங்கிப்பட்டைக்கு இன்னொரு விலக்கும் உண்டு: அதைச் சாப்பிடுகிற காலத்தில் தேநீர் தொடக்கூடாது. தேநீர் நாட்டிலேயே தேநீருக்குப் பத்தியம்! புளி தள்ளு, கத்தரிக்காய் தள்ளு, கருவாடு தள்ளு என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கண்டிப்பு புதிதில்லை. அளவும் பெரிது. இன்றைய சீன அரசு மருந்தேடு இந்தக் கிழங்குக்கு நாளொன்றுக்கு 15 முதல் 60 கிராம் வரை காய்ச்சலாம் என்கிறது.

நம்மிடமும் கஷாயம் உண்டு; எட்டில் ஒன்றாகக் குறுக்கிக் காய்ச்சுகிற குடிநீர் சித்த மருத்துவத்தின் உயிர்நாடி. ஆனால் குடிநீரின் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். அதற்குமேல் வைத்தால் வேகம் போய்விடும். சூரணத்தின் ஆயுள் 3 மாதம். ஏரிப்பாசன ஊரில் விடியற்காலையில் கழனிக்குப் போகிறவர் தினம் இருமுறை அடுப்பு மூட்டிக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்க முடியாது. மாதக்கணக்கில் சாப்பிடவேண்டிய தோல் வியாதி மருந்து, டப்பாவில் இருந்து எடுத்து நாக்கில் போட்டுக்கொள்கிற வடிவில் இருந்தால்தான் நடக்கும். வெளிநாட்டுக் கிழங்குக்குச் சூரணம் என்ற உடம்பைக் கொடுத்ததில் இந்தக் கணக்கும் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

கடினமான கிழங்கை அப்படியே பொடித்துத் தின்றால் வயிறு ஏற்காது. அதற்குத்தான் பிட்டவியல். கிழங்கைச் சிறு துண்டாக நறுக்கிக் காயவைத்து இடித்துச் சலித்துக்கொள்வார்கள். ஒரு மண்பானையில் பசும்பாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து பாதி அளவுக்கு ஊற்றி, பானையின் வாயில் வெள்ளைத் துணியை இறுக்கி வேடு கட்டுவார்கள். பொடியைப் பால் தெளித்துப் பிசறி, பிட்டு மாவைப் போல் உதிரியாக்கி, துணியின்மேல் பரப்பி, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து, ஆவி வெளியேறாதபடி ஓரத்தைச் சுற்றி மூடிவிட்டு அடுப்பை மூட்டுவார்கள். பால் சுண்டச் சுண்ட ஆவி பொடிக்குள் ஏறும். இறக்கி, நிழலில் உலர்த்தி, மறுபடி இடித்து, துணியில் சலிப்பார்கள். வாயில் போட்டால் நெருநெருவென்று தட்டக்கூடாது, அதுதான் பதம். பிறகு சர்க்கரை சேரும். கிராம் கணக்கில் ஒன்றோ இரண்டோ, நெய்யிலோ பாலிலோ குழைத்துக் காலை மாலை. சுக்கு, மிளகு, திப்பிலி போன்றவற்றோடு தேனும் நெய்யும் சேர்த்துக் கிளறினால் பறங்கிப்பட்டை ரசாயனம்.

60 கிராம் கிழங்கின் சாறும், 2 கிராம் முழுக்கிழங்குப் பொடியும் ஒரே மருந்து இல்லை. சூடான நீரில் கரைவது மட்டும்தான் முதலாவதில் உடம்புக்குள் போகும். இரண்டாவதில் கிழங்கே போகிறது. ஒரே செடியை எடுத்துக்கொண்டு இரண்டு நாட்டு வைத்தியர்கள் இரண்டு மருந்தை உண்டாக்கிவிட்டார்கள்.

சரக்குகள் ஒரு பக்கமாக மட்டும் பயணிக்கவில்லை. திருமுக்கூடல் சுவரில் நான்கு முறை வருகிறதே அந்தக் கடுக்காய், அது இந்தியாவிலிருந்து சீனத்துக்குப் போனது. சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த சீன மருத்துவர் சாங் சோங்ஜிங்கின் பெயரில் உள்ள நூலில் கடுக்காய்ப் பொடி ஒன்று இருக்கிறது. ‘ஹரீதகி’ என்ற வடமொழிப் பெயர் திரிந்து சீன ஒலியில் ‘ஹெலிலெ’ என்று எழுதப்பட்டிருக்கிறது. திருமுக்கூடலில் ஆதுலர் சாலை நடந்துகொண்டிருந்த அதே தலைமுறையில், 1076இல், சுங் பேரரசு தன் தலைநகர் கைஃபெங்கில் அரசு மருந்துக் கடையைத் திறந்தது. மறு ஆண்டே, 1077இல், சோழ மன்னன் குலோத்துங்கன் அனுப்பிய 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கொண்டுபோன பொருள்களைச் சீனப் பதிவுகள் சொல்கின்றன: கற்பூரம், பன்னீர், கோஷ்டம், பெருங்காயம், வெங்காரம், கிராம்பு, இன்னும் சில. முக்கால்வாசி நாட்டு மருந்துக் கடைச் சரக்கு.

இதனால்தான் சித்த மருத்துவத்தில் இருப்பதெல்லாம் பல்லாயிரம் ஆண்டுக்கு முன்பே முடிந்துபோன ஞானம் என்று மேடையில் பேசுகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடிவதில்லை. பெருமை செய்வதாக நினைத்து அவர்கள் நம் வைத்தியர்களைச் சிறுமைப்படுத்துகிறார்கள். ஒரு சித்தர் பாடலில் பறங்கிப்பட்டை வந்தால், யார் பெயரில் வழங்கினாலும் அந்தப் பாடல் 16ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் எழுந்திருக்க முடியாது. அதில் குறை என்ன? முன்பின் தெரியாத நோய் வந்தபோது, முன்பின் தெரியாத கிழங்கு ஒன்றைக் கையில் வாங்கி, முகர்ந்து, சுவைத்து, அவித்து, அளவு கண்டு, பத்தியம் வகுத்து, அதைப் பாட்டாகவும் எழுதி வைத்தவர் யாரோ ஒருவர் இருந்தார். அவரை அகத்தியர் காலத்துக்குத் தள்ளிவிட்டால் அவர் செய்த வேலை மறைந்துபோகிறது.

அந்தக் கிழங்கு சிபிலிஸை உண்மையில் தீர்த்ததா என்று கேட்டால், இல்லை. அந்த நோயின் புண்கள் மருந்தே கொடுக்காவிட்டாலும் சில வாரங்களில் ஆறிவிடும். கிருமி உடம்புக்குள் ஒளிந்துகொண்டு பல ஆண்டுகள் கழித்து மூளையையும் இதயத்தையும் தாக்கும். ஆறுகிற காலத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதற்கே பெயர் போயிருக்கும். பாதரசத்தை நிறுத்திவிட்டுக் கிழங்கைக் குடித்தவர், பாதரசத்தை நிறுத்தியதாலேயே பாதி தேறியிருப்பார். 1943இல் அமெரிக்காவில் ஜான் மஹோனி பென்சிலின் ஊசி போட்டுக் காட்டிய பிறகுதான் உலகத்துக்கு உண்மையான தீர்வு கிடைத்தது. இன்றைக்கு அந்த நோய் இருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர் அரசு மருத்துவமனைக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இதில் கூச்சத்துக்கு இடம் கொடுத்து நாட்டு மருந்துக் கடையில் மறைவாகப் பொடி வாங்குகிறவர்களைத்தான் நினைத்து வருந்துகிறேன்.

பறங்கிப்பட்டை வந்த வேலை முடிந்தும் போகவில்லை. சித்த மருத்துவர்கள் அதை இப்போது முக்கியமாகக் காளாஞ்சகப்படை போன்ற தோல் நோய்களுக்கும், மூட்டு வலிக்கும் தருகிறார்கள். அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் அந்தச் சூரணம் கிடைக்கிறது. கிழங்கிலிருந்து பிரித்த அஸ்டில்பின் என்ற பொருளை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தறிகெட்டு ஓடும் நோய்களுக்காகச் சீன ஆய்வாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ போகும் தமிழர்கள் அங்கே சீன மருந்துக் கடையில் இதைப் பார்க்கலாம். பேராக் மாநிலத்துக் கோப்பெங்கில், ஈயச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக 1879இல் தொடங்கிய யூ யான் சாங் போன்ற கடைகளில், இளஞ்சிவப்பு வில்லைகளாகச் சீவிய கிழங்கு சூப்புப் பொட்டலத்தில் இருக்கும். குவெய்லிங்காவ் என்று தேன் விட்டுச் சாப்பிடுகிற கருத்த கசப்பு ஜெல்லி இருக்கிறதே, ஆமை ஓட்டோடு அதில் சேரும் சரக்கும் இதுவே.

ஒரு கவலை மட்டும் உண்டு. பறங்கிப்பட்டை என்ற பெயரில் சந்தையில் வருவது ஒரே செடி இல்லை. ஸ்மைலாக்ஸ் சைனா, ஸ்மைலாக்ஸ் கிளாப்ரா என்ற இரண்டையும் பெயர் பிரிக்காமல் விற்கிறார்கள். இரண்டாவது நம் அசாம், மேகாலயா காடுகளிலும் விளைகிறது. இவை உறவுக்காரச் செடிகள் என்பதால் பெரிய ஆபத்தில்லை என்று சொல்லலாம். ஆனால் பெயர்க் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பெல்ஜியத்தில் ஒரு கொடுமையான சாட்சி உண்டு. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் எடை குறைக்கும் மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, சீனத்தில் ஏறக்குறைய அதே பெயரில் வழங்கும் அரிஸ்டோலோக்கியா சேர்ந்துவிட்டது. சுமார் நூறு பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டியதாயிற்று. பின்னால் புற்றுநோயும் வந்தது. இடித்த பொடியைப் பார்த்து எது எந்த வேர் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே பொடியாக விற்கிற இடத்தில் வாங்கவேண்டாம். முழுக் கிழங்காக வாங்குங்கள், அந்த ஆயா கேட்டதுபோல. கையில் எடுத்தால் கனக்க வேண்டும். ஓட்டை இருந்தாலோ தட்டினால் மாவு கொட்டினாலோ வண்டு துளைத்தது என்று அர்த்தம். இந்தக் கிழங்கு மாவுச்சத்து நிறைந்தது, பூச்சிக்கு மிகவும் பிடிக்கும். தயார்ச் சூரணம்தான் வேண்டுமென்றால், சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்ததை, தயாரித்த தேதி அச்சிட்ட டப்பாவில் வாங்குங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதில் சர்க்கரை சேர்ந்திருக்கும் என்பதை மறக்கவேண்டாம். கர்ப்பிணிகளும், வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். ஈரக் கரண்டி படாமல், இறுக மூடி, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.